தைராய்டு எதிர்ப்பொருள்கள்: காரணம் எது, அடையாளம் எது?

ஆன்டிபாடிக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் எதிர்ப்பொருள் என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் பிறபொருளெதிரி என்கின்றன. இரண்டாம் சொல் கூடுதலாக ஒரு செய்தி சொல்கிறது. எதிர்க்கப்படுவது ‘பிற’ பொருள், உடலுக்கு வெளியிலிருந்து வந்த ஒன்று என்பது அதன் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலக மருத்துவம் கொண்டிருந்த நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் அப்படியே உறைந்திருக்கிறது. உடல் தன்னையே எதிர்த்து எதிர்ப்பொருள் உண்டாக்கி நோயுறும் என்பதை அன்று பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த நம்பிக்கை தகர்ந்ததில், கழுத்தின் முன்புறம் இருக்கும், சுமார் இருபது கிராம் எடையே உள்ள தைராய்டு சுரப்பிக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று சிறு நகரத்து ஆய்வகத்திலும் தைராய்டு எதிர்ப்பொருள் சோதனைக்கு ரத்தம் கொடுக்க முடிகிறது. அறிக்கையில் வரும் பெயர்கள் மூன்று: தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள், டி.பி.ஓ. எதிர்ப்பொருள், டி.எஸ்.எச். ஏற்பி எதிர்ப்பொருள். ஒரே தாளில் ஒரே வகை எண்களாக அச்சாகி வருவதால், மூன்றும் ஒரே தரத்தவை என்றே வாங்கிப் பார்ப்பவருக்குத் தோன்றும். அப்படி அல்ல. ஒன்று நோயை உண்டாக்குகிறது. மற்ற இரண்டும் நோய் நடப்பதைத் தெரிவிக்கின்றன. இந்த வேறுபாடு தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. அது தெளிந்த வரலாற்றைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேறுபாடு தெரியாததால் வீடுகளில் உண்டாகும் வீண் அச்சத்தையும், அஞ்ச வேண்டிய இடத்தில் காட்டப்படும் அசட்டையையும் கண்டதே இதை எழுதத் தூண்டியது.

ஃபுகுவோகாவின் நான்கு பெண்கள்

1912இல் ஜெர்மனியின் அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் முப்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் கியூஷு பல்கலைக்கழக அறுவை மருத்துவத் துறையில் பணியாற்றிய ஹகாரு ஹஷிமோட்டோ. அப்போது அவருக்கு வயது 31. மருத்துவ அறிவியலின் மொழியாக ஜெர்மன் இருந்த காலம் அது. ஜப்பானிய மருத்துவரும் அம்மொழியிலேயே எழுதினார்.

முன்கழுத்துக் கழலைக்காக அறுவை செய்துகொண்ட நான்கு பெண்களைப் பற்றியது அக்கட்டுரை. நால்வரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். வெட்டி எடுத்த சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதுவரை யாரும் தனியாக விவரித்திராத ஒரு காட்சியை ஹஷிமோட்டோ கண்டார். சுரப்பித் திசுவுக்குள் லிம்போசைட் வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன. நிணநீர்க் கணுக்களில் இருப்பதுபோல் அவை ஆங்காங்கே திரண்டு உருண்டைகளாகவும் இருந்தன. சுரக்கும் செல்கள் உருமாறியிருந்தன. இடையிடையே நார்த்திசு வளர்ந்திருந்தது. இது தனி நோய் என்று அவர் உறுதியாக எழுதினார். வெள்ளணுக்கள் ஏன் அங்கே வந்தன என்ற கேள்விக்கு விடை சொல்லும் கருவி எதுவும் அவர் காலத்தில் இல்லை.

மேலைநாட்டு நோய்க்குறியியலாளர் பலர் அதைத் தனி நோயாக ஏற்கவில்லை. 1896இல் ரீடல் விவரித்த, சுரப்பி மரக்கட்டைபோல் இறுகும் நோயின் தொடக்க நிலையே இது என்றனர். 1931இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஆலன் கிரஹாம் இரண்டும் வெவ்வேறு என்று நிறுவிய பின்பே கருத்து மாறத் தொடங்கியது. ஹஷிமோட்டோவோ ஜெர்மனியில் மேற்படிப்புக்குச் சென்று, முதல் உலகப் போர்க் காலத்தில் நாடு திரும்பி, சொந்த ஊரான இகாவில் ஊர் மருத்துவராக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1934இல் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். அவர் கண்ட அந்த வெள்ளணுக் கூட்டத்தின் பொருள் விளங்க மேலும் 22 ஆண்டுகள் ஆயின.

எர்லிக்கின் தடை

இத்தனை தாமதத்துக்கு முதன்மைக் காரணம் ஒரு மாமேதையின் சொல். எதிர்ப்பொருள் ஆய்வின் தந்தையரில் ஒருவரான பால் எர்லிக் ஆடுகளைக் கொண்டு சோதனை செய்தார். ஓர் ஆட்டுக்கு வேறோர் ஆட்டின் ரத்தச் சிவப்பணுக்களைச் செலுத்தினால் அவற்றுக்கு எதிர்ப்பொருள் உண்டாயிற்று. அதன் சொந்தச் சிவப்பணுக்களையே செலுத்தினால் உண்டாகவில்லை. தன்னையே நஞ்சூட்டிக்கொள்வதை உடல் அஞ்சி விலக்குகிறது என்று 1901இல் அவர் எழுதினார். ‘ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்’ என்று லத்தீனில் அவர் சூட்டிய பெயர் பின்னர் ஒரு விதியாகவே உறைந்துவிட்டது. தன்னெதிர்ப்பு நேர்ந்தால் விளைவு கொடியதாக இருக்கும் என்ற எச்சரிக்கையும் அவர் எழுத்தில் இருந்தது. பின்வந்தவர்கள் எச்சரிக்கையை மறந்து தடையை மட்டும் நினைவில் வைத்தனர். பெரியவர் சொல்லை முழுதாகப் படிக்காமல் பாதியைப் பிடித்துக்கொள்வது எல்லாத் துறைகளிலும் நேர்வதுதான். இங்கே அது ஐம்பது ஆண்டுகளை விழுங்கியது.

1956: மூன்று நகரங்கள்

தடை உடைந்தது 1956இல். ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்த மூன்று நகரங்களிலிருந்து அந்த ஓர் ஆண்டில் மூன்று கட்டுரைகள் வெளிவந்தன.

முதலாவது, அமெரிக்காவின் பஃபலோ. அங்கே எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கியின் ஆய்வுக்கூடத்தில் நோயல் ரோஸ் என்ற இளைஞர் சேர்ந்திருந்தார். விட்டெப்ஸ்கி யாருடைய மாணவர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. எர்லிக்கின் மாணவர் ஹான்ஸ் ஸாக்ஸ். ஸாக்ஸின் மாணவர் விட்டெப்ஸ்கி. நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்கா வந்தவர். எர்லிக்கின் விதியை மீற அவருக்கு எந்த விருப்பமும் இல்லை. ஓர் உறுப்புக்கே உரிய புரதம் எது என்ற வேறொரு கேள்விக்காகத்தான் ரோஸ் தைரோகுளோபுலினைக் கையில் எடுத்தார். தைராய்டு சுரப்பியின் நுண்பைகளுக்குள் பசைபோல் நிறைந்திருக்கும் பெரும் புரதம் அது. ஹார்மோன் அதிலிருந்துதான் உருவாகிறது.

எண்ணெயும் கொன்ற காசநோய்க் கிருமிகளும் சேர்ந்த ஃபிராய்ண்ட் கலவையோடு முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே ரோஸ் செலுத்தினார். எதிர்ப்பொருள் உண்டாயிற்று. வேறு முயலின் சாறு என்பதால் உண்டாகியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்க ஒரு முயலின் தைராய்டில் பாதியை வெட்டி எடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்குச் செலுத்தினார். அப்போதும் எதிர்ப்பொருள் வந்தது. உடலில் எஞ்சியிருந்த பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்த்தால், அதில் லிம்போசைட்டுகள் புகுந்து நிறைந்திருந்தன. நோய்க்குறியியல் அறிஞர் டெர்ப்ளானுக்கு அது ஹஷிமோட்டோ வரைந்து காட்டிய படமாகவே தெரிந்தது. விட்டெப்ஸ்கி உடனே வெளியிட விடவில்லை. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். ஆண்டுகள் கழிந்தபின்பே அது அச்சேறியது. ஆசானின் ஆசான் சொன்னதை மறுக்கும் முடிவு கையில் வந்தபோது, அவர் அதை மறைக்கவுமில்லை, அவசரப்படவுமில்லை. இந்த வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் இடங்களில் அது ஒன்று.

இரண்டாவது, லண்டன். மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டெபோரா டோனியாக் என்ற பெண் மருத்துவர் ஹஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் ஒன்றைக் கவனித்தார். காமா குளோபுலின் என்ற புரதத்தொகுதி அவர்களுக்கு மிகுந்திருந்தது. கழலையை அறுத்து எடுத்தபின் அது குறைந்தது. எதிர்ப்பொருள்கள் அனைத்தும் அந்தத் தொகுதியைச் சேர்ந்தவை. அப்படியானால் அந்த மிகுதி எதற்கு எதிரானது? கழலைக்கே எதிரானதாக இருக்கக்கூடும் என்று அவர் ஐயுற்றார். உயிர்வேதியியலாளர்கள் ஐவன் ரோய்ட்டும் பீட்டர் கேம்பெல்லும் உடன் நிற்க, நோயாளியின் ரத்தநீரையும் மனிதத் தைராய்டுச் சாற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் சந்தித்த இடத்தில் வெள்ளைப் படிவு தோன்றியது. அறுவை மருத்துவர் வாகன் ஹட்சனும் இணைந்த அக்கட்டுரை அக்டோபர் 1956இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. முயலில் செயற்கையாக உண்டாக்கியதை மனித உடல் தானாகவே செய்துகொள்கிறது என்பதற்கு அந்த வெண்படிவு சான்றாயிற்று. பஃபலோ குழுவினர் 1957இல் மனித நோயாளிகளிடமும் அதையே கண்டனர்.

மூன்றாவது நகரம் நியூசிலாந்தின் டனீடின். பாடநூல்கள் அதற்கு ஓரிரு வரிகளே ஒதுக்குகின்றன. உண்மையில் இன்றைய மருத்துவத்துக்கு மிகவும் தேவையான விடை அங்கிருந்துதான் வந்தது.

டங்கன் ஆடம்ஸும் ஹெர்பர்ட் பர்வ்ஸும் எதிர்ப்பொருளைத் தேடவே இல்லை. தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச்.ஐ அளக்க வழி தேடினர். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு டி.எஸ்.எச். மிகுதியே காரணம் என்று நம்பப்பட்ட காலம் அது. கண்கள் பிதுங்கி, நெஞ்சு படபடத்து, உடல் மெலியும் அந்த நோயை டப்ளினின் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும், ஜெர்மனியின் பாஸடோ 1840இலும் விவரித்திருந்தனர். டி.எஸ்.எச்.ஐ அளக்கும் முறை இதுதான்: கினிப்பன்றியின் தைராய்டில் கதிரியக்க அயோடினை ஏற்றிவைத்து, சோதிக்க வேண்டிய ரத்தநீரைச் செலுத்துவார்கள். டி.எஸ்.எச். இருந்தால் சுரப்பி தூண்டப்பட்டு அயோடின் ரத்தத்தில் வெளிவரும். சுமார் மூன்று மணி நேரத்தில் அது உச்சம் தொட்டு இறங்கும்.

கிரேவ்ஸ் நோயாளி ஒருவரின் ரத்தநீரைச் செலுத்தியபோது அயோடின் வெளிவந்தது. ஆனால் மூன்று மணிக்கு வர வேண்டிய உச்சம் வரவில்லை. பதினாறாம் மணி நேரத்தில் அளவு ஏறியே நின்றது. சோதனைப் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அதை ‘இயல்புக்கு மாறான விளைவு’ என்று பதிவு செய்து, ஒட்டாகோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் வெளியிட்டனர். தைராய்டைத் தூண்டும் வேறு ஏதோ ஒன்று, டி.எஸ்.எச். அல்லாதது, ரத்தத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். நீடித்துச் செயல்படும் தைராய்டு தூண்டி என்று அதற்குப் பெயர் வந்தது. 1958இல் மெக்கன்ஸி சுண்டெலியைக் கொண்டு சோதனையை எளிதாக்கினார். 1964இல் ஸ்டான்ஃபோர்டில் கிரிஸ் குழுவினர் அந்தத் தூண்டி ஓர் எதிர்ப்பொருளே என்று காட்டினர்.

எதிர்ப்பொருள் என்றால் அழிப்பது, பற்றிப் பிடித்து ஒழிப்பது என்றே அதுவரை பொருள். ஓர் எதிர்ப்பொருள் ஹார்மோனின் வேலையைத் தானே செய்யும், சுரப்பியை அழிக்காமல் முடுக்கிவிடும் என்பது யாரும் எதிர்பாராத செய்தி. ஆனாலும் ஐயம் ஓயவில்லை. சுண்டெலிச் சோதனையில் கிரேவ்ஸ் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமே அந்தத் தூண்டி அகப்பட்டது. காரணம் என்று சொல்வது எல்லா நோயாளியிடமும் இருக்க வேண்டாமா? 1967இல் ஆடம்ஸும் கென்னடியும் விடை கண்டனர். பல நோயாளிகளின் எதிர்ப்பொருள் மனிதத் தைராய்டைத்தான் பற்றும், எலியின் தைராய்டைப் பற்றாது. குறை கருவியில் இருந்தது. 1974இல் நியூகாசிலில் ரீஸ் ஸ்மித்தும் ரெஜினால்ட் ஹாலும் எலியை விட்டுவிட்டு மனிதத் தைராய்டின் செல்சவ்வை எடுத்தனர். நோயாளியின் எதிர்ப்பொருள், டி.எஸ்.எச். வந்து அமரும் இடத்திலேயே அமர்ந்து அதை விலக்குவதைக் கண்டனர். டி.எஸ்.எச். ஏற்பி எதிர்ப்பொருள் என்ற இன்றைய சோதனை அங்கே பிறந்தது. 1989இல் ஏற்பியின் மரபணு அறியப்பட்டது. 2007இல் மனித எதிர்ப்பொருள் அந்த ஏற்பியைக் கவ்வியிருக்கும் படிகப் படமே கிடைத்தது. ஹார்மோன் பிடிக்கும் அதே இடத்தை, ஏறத்தாழ அதே முறையில் எதிர்ப்பொருள் பிடித்திருந்தது.

பெயரற்றிருந்த இரண்டாம் எதிர்ப்பொருள்

லண்டனில் டிராட்டரும் சகாக்களும் 1957இல் ஹஷிமோட்டோ ரத்தநீரில் தைரோகுளோபுலினுக்குத் தொடர்பில்லாத வேறோர் எதிர்ப்பொருளைக் கண்டனர். அது பற்றுவது செல்லுக்குள் இருக்கும் நுண்சவ்வுத் துணுக்குகளை. எந்தப் புரதம் என்று தெரியாததால் ‘மைக்ரோசோமல் எதிர்ப்பொருள்’ என்ற பொதுப்பெயரே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வழங்கியது. ரத்தநீரைப் படிப்படியாக நீர்த்து, டானின் பூசிய சிவப்பணுக்கள் எந்தப் படிவரை ஒட்டிக்கொள்கின்றன என்று பார்த்து 1:100, 1:400, 1:1600 என அறிக்கை தருவார்கள். மூத்த மருத்துவர்களுக்கு அந்த விகிதங்கள் நினைவிருக்கும்.

1985இல் பிரான்சின் மார்சேயில் சார்னொக்கா, காரயோன் குழுவினர் அந்த மறைந்த புரதம் தைராய்டு பெராக்சிடேஸ் என்று கண்டனர். தைரோகுளோபுலினில் அயோடினைச் சேர்த்து ஹார்மோன் ஆக்கும் நொதி அது. 1987இல் மரபணு கிடைத்தது. 933 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் என்று தெரிந்தது. புரதம் தூய்மையாகக் கிடைத்ததும் சோதனையும் நுட்பமாகியது. இன்று நாம் சொல்லும் ‘டி.பி.ஓ.’ இதுவே. ஹஷிமோட்டோ நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரிடம் இது காணப்படுகிறது; தைரோகுளோபுலின் எதிர்ப்பொருளைவிட நம்பகமான அடையாளம்.

ஆனால் அழிப்பது இதுதானா? தொடக்கத்தில் அப்படித்தான் நம்பினார்கள். ஹஷிமோட்டோ நோயாளியின் ரத்தநீர் வளர்ப்புக் குப்பியில் தைராய்டு செல்களைக் கொல்வதை 1959இல் மிடில்செக்ஸ் குழுவே காட்டியிருந்தது. குப்பியில் நடப்பது உடலிலும் நடக்கிறதா என்பதற்கு விடை, எந்த ஆய்வாளரும் திட்டமிடாத ஓர் இயற்கைச் சோதனையிலிருந்து வந்தது.

தாயும் சேயும்

தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கின்றன. பிறந்த குழந்தையை முதல் மாதங்களில் காப்பவை அவையே. நல்லதைப் போலவே கெட்டதும் அவ்வழியே கடக்கும்.

கிரேவ்ஸ் நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் சிலர் படபடக்கும் நெஞ்சோடும் மிகைச் சுரப்போடும் பிறக்கிறார்கள். அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலத்தில் பழுது ஏதும் இல்லை. தாயிடமிருந்து வந்த ஏற்பி எதிர்ப்பொருள் கரையக் கரைய, பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் நோயும் விலகுகிறது. எதிர்ப்பொருள் மட்டும் கடந்து போயிற்று. நோயும் உடன் போயிற்று. ஒன்று நோய்க்குக் காரணம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறு வேண்டியதில்லை. 1980இல் ஜப்பானின் மட்சூரா குழு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஏற்பியைத் தூண்டாமல் அடைத்துவிடும் எதிர்ப்பொருள் சில தாய்மார்களுக்கு உண்டு. அவர்களின் குழந்தைகள் தற்காலிகத் தைராய்டு குறைவோடு பிறந்தனர்.

டி.பி.ஓ. எதிர்ப்பொருளும் அதே நஞ்சுக்கொடியைக் கடந்து செல்கிறது. எத்தனையோ தாய்மாரிடமிருந்து, உயர்ந்த அளவிலும்கூட. ஆனால் அக்குழந்தைகளின் தைராய்டு அழிவதில்லை. எனவே ஹஷிமோட்டோ நோயில் சுரப்பியை அரிப்பதில் முதன்மைப் பங்கு லிம்போசைட்டுகளுக்கே என்பது பெரும்பான்மைக் கருத்து. 1912இல் நுண்ணோக்கியில் தெரிந்த அதே செல்கள்! டி.பி.ஓ. எதிர்ப்பொருள் அந்த அரிப்பின் உடன்விளைவு. சிறு அளவில் கைகொடுப்பதும் உண்டு.

விட்டெப்ஸ்கி 1957இல் ஒரு நோயைத் தன்னெதிர்ப்பு நோய் என்று சொல்லத் தேவையான விதிகளை வகுத்தார். ரோஸ் 1993இல் போனாவுடன் சேர்ந்து அவற்றைத் திருத்தியபோது நேரடிச் சான்று, மறைமுகச் சான்று, சூழ்நிலைச் சான்று என மூன்றாகப் பிரித்தார். நோயைக் கடத்த முடிந்தால் நேரடிச் சான்று. அந்த அளவுகோலில் ஏற்பி எதிர்ப்பொருள் மட்டுமே உச்சப் படியில் நிற்கிறது. இடையே எழுந்த ஒரு பிழைக் கருத்தும் சொல்லத்தக்கது. தைரோகுளோபுலின் சுரப்பிக்குள் மறைந்திருப்பதால் உடல் அதை அறியாது, கசிந்தால் அந்நியம் என்று எதிர்க்கிறது என்று முதலில் விளக்கினர். நலமானவர் ரத்தத்திலும் அது சிறிதளவு ஓடுகிறது என்று 1967இல் ரோய்ட்டே கண்டதும் அந்த விளக்கம் விழுந்தது. பழைய வெளியீடுகளில் அது இன்னும் திரும்பத் திரும்ப வருகிறது.

நலமாக இருப்பவர்களிடமும்

நோயாளிகளை விட்டு ஊர் மக்களைச் சோதித்தபோது புதிய சிக்கல் எழுந்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் விக்ஹாமில் 1972இல் தொடங்கிய ஆய்வில் 2,779 பேர் சோதிக்கப்பட்டனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் மீண்டும் பார்க்கப்பட்டனர். 1995இல் வெளியான முடிவு இன்றும் அடிப்படை. டி.எஸ்.எச். உயர்வும் எதிர்ப்பொருளும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 விழுக்காட்டினர் தைராய்டு குறைவுக்கு உள்ளாயினர். எதிர்ப்பொருள் மட்டும் இருந்த பெண்களில் அது 2.1 விழுக்காடு. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எதிர்ப்பொருள் மட்டும் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே நோய் வந்தது. மற்ற மூவரும் அந்த எதிர்ப்பொருளோடே நலமாக இருந்தனர்.

இந்தியாவில் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களில் 21.85 விழுக்காட்டினரிடம் டி.பி.ஓ. எதிர்ப்பொருளைக் கண்டது. தைராய்டு குறைவு இருந்தவர்கள் 10.95 விழுக்காடு. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த கணக்கெடுப்பில், தைராய்டு நோய் இல்லாதவர்களிடையே டி.பி.ஓ. எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 11.3 விழுக்காடு. சோதனைக் கருவியும் எல்லைக்கோடும் ஆளெடுத்த முறையும் வேறுபடுவதால் இந்த எண்களை நேருக்கு நேர் நிறுத்தி முடிவு கூறுவது தவறு. ஆயினும் நம் நகரங்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதே, அதைத் தனியே நோய் என்று கொள்ளக்கூடாது என்பதற்குப் போதும்.

இலங்கைச் செய்தி இன்னும் நுட்பமானது. உப்பில் அயோடின் சேர்ப்பது அங்கே 1990களின் நடுவில் கட்டாயமானது. அதன்பின் பிரேமவர்தன குழுவினர் பள்ளி மாணவிகளைச் சோதித்து 2000இல் வெளியிட்ட முடிவில், தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள் 11 வயதினரிடம் 14.3 விழுக்காடும் 16 வயதினரிடம் 69.7 விழுக்காடும் இருந்தது. டி.பி.ஓ. எதிர்ப்பொருள் அந்த அளவுக்கு இல்லை. அயோடின் ஏறிய தைரோகுளோபுலின் எதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்பது அவர்கள் தந்த விளக்கம். இதைப் படித்துவிட்டு அயோடின் உப்பை நிறுத்துவது பெரும் பிழை. அயோடின் பற்றாக்குறை கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். அந்த இழப்பைப் பின்னர் ஈடுசெய்ய முடியாது. மாணவிகளிடம் கண்டது சுரப்பி புதிய சூழலுக்குப் பழகும்போது எழுந்த அடையாளம்.

எண்ணைப் பார்த்து மருந்து தரலாமா?

அடையாளத்துக்கே மருத்துவம் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டனர். கருச்சிதைவோ குழந்தைப்பேறின்மையோ கண்ட, டி.பி.ஓ. எதிர்ப்பொருள் உள்ள, ஆனால் தைராய்டு செயல்பாடு சீராக இருந்த 952 பெண்கள் பிரிட்டனில் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பாதிப்பேருக்கு லெவோதைராக்சின் மாத்திரையும், பாதிப்பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் தரப்பட்டன. 2019இல் வந்த முடிவு: உயிருடன் குழந்தை பெற்றவர்கள் முதல் பிரிவில் 37.4 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 37.9 விழுக்காடு. மாத்திரையால் பயன் இல்லை.

அதற்காக டி.பி.ஓ. சோதனை வீண் என்று பொருளல்ல. டி.எஸ்.எச். சற்றே உயர்ந்து நிற்கும்போது, அது மேலும் ஏறுமா என்று கணிக்க இது உதவும். கருவுற்ற தொடக்கத்தில் இந்த எதிர்ப்பொருள் இருக்கும் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை, பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டில் தைராய்டு அழற்சிக்கு உள்ளாகிறார்கள். முதலில் படபடப்பு, பிறகு தாங்க முடியாத சோர்வு, சலிப்பு. ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று நம் வீடுகளில் சொல்லிக் கடந்துவிடும் சோர்வில் ஒரு பகுதி இதுவாக இருக்கும். அந்தத் தாய்க்கு ஒரு டி.எஸ்.எச். சோதனை செய்வது கடமை. ஆனால் ஒருமுறை இருக்கிறது என்று தெரிந்த டி.பி.ஓ. எதிர்ப்பொருளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, 600 எப்போது 300 ஆகும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. கவனிக்க வேண்டியது டி.எஸ்.எச்.

தைரோகுளோபுலின் எதிர்ப்பொருளுக்கு இன்று குறுகிய, ஆனால் இன்றியமையாத ஓர் இடம் உண்டு. தைராய்டுப் புற்றுநோய்க்குச் சுரப்பியை எடுத்தவர்களுக்கு, நோய் திரும்புகிறதா என்று தைரோகுளோபுலின் அளவை வைத்தே பார்க்கிறார்கள். இந்த எதிர்ப்பொருள் இருந்தால் அந்த அளவு தவறாகக் குறைந்து காட்டக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முடி உதிர்வுக்கென விற்கும் பயோட்டின் மாத்திரையும் சில வகைக் கருவிகளைக் குழப்பும். டி.எஸ்.எச். குறைந்தும் ஏற்பி எதிர்ப்பொருள் உயர்ந்தும், கிரேவ்ஸ் நோய் போலவே அறிக்கை வந்துவிடும். ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் இதைச் சொல்ல வேண்டும்.

ஏற்பி எதிர்ப்பொருளின் எண் மட்டும் வேறு வகை. அது செயலின் அளவு. கிரேவ்ஸ் நோய்க்கு ஓராண்டுக்கு மேல் மாத்திரை எடுத்து நிறுத்தப்போகும் வேளையில் அது உயர்ந்திருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. முன்பு கிரேவ்ஸ் நோய்க்காக அறுவையோ கதிரியக்க அயோடினோ பெற்ற பெண்ணுக்கு இன்று தைராய்டே இல்லாமல் இருக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையோடு நலமாக இருக்கலாம். ஆனாலும் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். தாயிடம் அது தூண்டுவதற்குச் சுரப்பி இல்லை. கருவிலிருக்கும் குழந்தையிடம் உண்டு. அப்படிச் சிகிச்சை பெற்ற பெண்கள் கருவுற்றதும், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும், அதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி ஏற்பி எதிர்ப்பொருள் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.